பொம்மி ஊருக்குப் போனாள்

“நம்ம மாடு எப்பவாவது ஊருக்குப் போயிருக்குதாம்மா?”

அகிலா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கோடை விடுமுறைக்குக் காளஹஸ்தியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் புறப்பட்டு, நகரி பஸ் நிலையத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மாட்டுக்கு ஏதுடி ஊரு?”

“அதுக்கும் அக்கா தங்கச்சிங்க இருப்பாங்க இல்ல? அவங்கள வேற ஊர்ல வித்திருந்தா?”

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, “பாப்பா வக்கீலுக்குப் படிக்கும்போல கீதே” என்றார். பஸ் கிளம்பிவிட்டது. பதில் தெரியாத கேள்விகளைப் பெரியவர்கள் அப்படித்தான் சிரித்துக் கடந்துவிடுகிறோம். கேட்ட பிள்ளை மறந்துபோகும். நமக்குத்தான் எங்கேயோ தங்கிவிடும்.

பதினான்கு வருடம் கழித்து, ஓர் ஆனி மாத விடியலில், அன்றைய மாட்டின் பேத்தி பொம்மியைப் பிக்கப் வண்டியில் ஏற்றியபோது தாட்சாயணிக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. பொம்மி ஊருக்குப் புறப்பட்டிருந்தாள். சுற்றுவழியில் நூற்றெழுபது கிலோமீட்டர், புங்கனூர் வரைக்கும்.

எல்லாம் ஒரு வாய்ப்பேச்சில் தொடங்கியது. தாட்சாயணியின் வீடு நகரிக்கு வெளியே, தெரு முழுக்கப் பவர்லூம் ஓடும் இடத்தில் இருந்தது. கணவர் நாகபூஷணத்துக்கு நான்கு தறி. தறிக் கொட்டகையின் பின்சுவரை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. விடிகாலையிலும் சாயங்காலமும் தாட்சாயணியும் அவள் ஓரகத்தி ரேகாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பொம்மியைக் கறப்பார்கள். இரண்டு காம்பு பெரியவளுக்கு, இரண்டு காம்பு சின்னவளுக்கு. ஒரு நாளைக்கு இருபத்துநாலு லிட்டர். அதில் பாதி தெருவிலேயே டீக்கடைக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் போய்விடும். மீதிப் பன்னிரண்டு லிட்டர் பால் சென்டருக்கு.

ஒருநாள் சென்டரில் யாரோ கேட்க, அவள் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் “இருபத்துநாலு கறக்குது” என்று சொல்லிவிட்டாள். கேனோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக நிலமும் மாடுமாக வாழ்கிறவர்கள்.

“தறிக்காரங்க மாடு பாலா கறக்கும்? நூலுதானே கறக்கும்” என்றார் ஒருவர்.

“இங்க வர்றது பன்னெண்டு. மீதிப் பன்னெண்டு குழாயில வருதோ இன்னாவோ” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நூல் என்று சொன்னது தாட்சாயணியைத் தொடவில்லை. குழாய் என்று சொன்னது தைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயில் அபிஷேகத்துக்குக் கொடுக்கும் பாலையும் டீக்கடைக்குக் கொடுக்கும் பாலையும் ஒரே குவளையால் அளப்பவள் அவள். சாமிக்கு ஒரு பால், மனிதருக்கு ஒரு பால் என்று அவள் கொட்டகையில் கிடையாது.

பத்து நாள் கழித்து ரேகாவின் போனில் ஒரு நோட்டீஸ் வந்தது. புங்கனூர்ப் பக்கத்தில் மாட்டுச் சந்தை நடக்கிறது, அதோடு பால் கறக்கும் போட்டியும் உண்டு. ரேகா விதிகளைப் படித்துச் சொன்னாள். முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டியார் பார்க்க மடியை ஒட்டக் கறந்து காலி செய்ய வேண்டும். ஆறு மணிக்குள் காலியாகாத மாடு போட்டியில் இல்லை. மறுநாள் காலையும் மாலையும் கறப்பதுதான் கணக்கு. கன்று விடக் கூடாது. ஊசி போடக் கூடாது. கறக்கிறவர் இரண்டு பேருக்கு மேல் மாட்டருகே போகக் கூடாது.

“நாலு பேர் முன்னால அளந்து காட்டிட்டு வரேன்” என்றாள் தாட்சாயணி.

நாகபூஷணம் தறியை நிறுத்தாமலே தலையாட்டினார். “போய்ட்டு வா. கன்னுக்குட்டிய நான் பாத்துக்கிறேன்.”

வண்டி சிட்டிபாபுவுடையது. அதே தெருக்காரன். வருடம் முழுக்கச் சென்னைக்குப் புடவைக் கட்டு ஏற்றிக்கொண்டு போகிறவன், மாடு ஏற்றியதில்லை. வண்டிக்குள் மணல் கொட்டி, அதன்மேல் கோணியும் வைக்கோலும் பரப்பினான். பொம்மி ஏறி நின்று, நின்ற இடத்திலேயே சாணி போட்டாள்.

“யக்கா, புடவைக் கட்டு இதெல்லாம் பண்ணாது” என்றான்.

“புடவைக் கட்டு பாலும் குடுக்காது. ஏறு வண்டியில” என்றாள் ரேகா.

புத்தூர் தாண்டி, வளைவு அதிகம் இல்லாத திருப்பதி வழியில் போனார்கள். மலை தெரிந்ததும் மூவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிட்டிபாபு ஒரு கையால். பைபாஸில் அகிலா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றிருந்தாள். திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். பொம்மி அவள் கையை மோப்பம் பிடித்துப் பழத்தைத் தோலோடு வாங்கிக்கொண்டாள்.

“நைனா வரலயா?”

“தறிய யார் பாக்கிறது?”

அகிலா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தோத்துட்டா இன்னாம்மா பண்ணுவே?”

“தோத்தா தோத்துட்டு வரேன். மொதல் எடமா கேட்டேன்? அளவு இருபத்துநாலு காட்டணும், அவ்ளோதான். அது கொறஞ்சா நான் சொன்னது பொய்யாயிடும்.”

அகிலா மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டு வகுப்புக்குப் போனாள். தூய வெள்ளை யூனிஃபார்மில் பொம்மியின் எச்சில் ஒரு கோடாகத் தெரிந்தது.

சித்தூர் வரைக்கும் வெயிலும் புழுக்கமும்தான். அதற்குப் பிறகு மொகிலி கணவாய் ஏற ஆரம்பித்ததும் காற்று வந்தது. முதலில் ஜன்னல் வழியாகக் குளிர்ச்சியாக வந்து மூவரையும் சிரிக்க வைத்தது. பாதி மலையில் தார்ப்பாயைப் பிடுங்கிப் பட்பட்டென்று அடித்தது. லாரிகள் உறுமிக்கொண்டு ஏறின. பின்னால் பொம்மி கால் மாற்றி மாற்றி நிற்பது வண்டியின் ஆட்டத்தில் தெரிந்தது.

“சிட்டி, ஓரமா நிறுத்து. நான் பின்னால நிக்கிறேன்” என்றாள் தாட்சாயணி.

“காத்து உன்னத் தூக்கிகினு போயிடும்கா.”

“பொம்மியத் தூக்கட்டும், அப்புறம் என்னத் தூக்கட்டும்.”

ஏறி நின்று, முந்தானையைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு பொம்மியின் கழுத்தை அணைத்துக்கொண்டாள். ஒரு பெண்ணின் உடம்பு எவ்வளவு காற்றைத் தடுத்துவிடும்? தடுத்த அளவு தடுக்கட்டும் என்று நின்றாள். பொம்மி அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள்.

மேலே ஏறியதும் வேறு நாடு. பலமநேர் தாண்டினால் மேடும் பள்ளமுமாகத் திறந்த நிலம். தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே மேய்ச்சல் தரைகள். அங்கே மாடுகள் எல்லாம் ஒரே திசைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தன. நீலகிரி மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓயாமல் இரைந்தன. சாலையில் போகிற பெண்கள்கூடக் கொஞ்சம் சாய்ந்தே நடந்தார்கள். வீடுகள் தூரம் தூரமாக இருந்தன. தறி வீதியில் பிறந்து தறி வீதியில் வாழ்க்கைப்பட்ட தாட்சாயணிக்கு, இவ்வளவு வெட்டவெளியைப் பார்க்கையில் சாமி உலகத்தைப் படைத்துவிட்டு இந்த இடத்தை மட்டும் பெருக்கி வைத்ததுபோல் தோன்றியது.

இரண்டு மணிக்குச் சந்தைத் திடல் வந்தது. மூங்கில் கட்டிய கொட்டகையில் பொம்மிக்குப் பதினேழாம் நம்பர் இடம். பதினாறில் ஒரு சிவலை மாடு. அதன் உடையவள் சந்திரம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்து ஊர்க்காரி. போன வருடம் அவள் மாடுதான் இரண்டாவது. கையால் சுற்றித் தீவனம் நறுக்கும் இரும்பு மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகை ஓரத்தில் நிறுத்தி, அவளும் மருமகளும் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எந்த ஊரு?” பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கேட்டாள்.

“நகரி. தறிக்காரங்க.”

“தறிக்காரங்களுக்கு மாடா?” சந்திரம்மா பொம்மியைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். மடியருகே பார்வை கொஞ்சம் தங்கியது. “மாடு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் கறக்கத் தெரியுமா, இல்ல நூல் சுத்தற மாதிரி சுத்துவீங்களா?”

“நாளைக்குப் பாருங்க” என்றாள் ரேகா.

“பாக்கத்தானே வந்திருக்கேன்.”

ஐந்து மணிக்கு விசில் ஊதினார்கள். இருபத்தைந்து மாடுகளிடமும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். பாத்திரங்களில் சர் சர்ரென்று பால் விழுந்தது. தாட்சாயணியும் ரேகாவும் மடியைக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்டு, எப்போதும்போல ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.

மடி கல்லாக இருந்தது. காம்பை இழுத்தால் பொம்மி காலை உதறினாள். தலையை அப்படியும் இப்படியும் திருப்பி எதையோ தேடினாள். தடவிக் கொடுத்தார்கள். புண்ணாக்கு வைத்தார்கள். தாட்சாயணி அவள் காதருகே முருகா முருகா என்று சொல்லிப் பார்த்தாள். கால் மணி போயிற்று. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, “ஜுரம் இல்ல, ஒண்ணும் இல்ல, பாலை அடக்கிகினு நிக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். சிட்டிபாபு கண்ணேறு என்றான். கணவாயிலேயே கற்பூரம் சுற்றியிருக்க வேண்டும் என்றான்.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து சுரேஷ்பாபு என்று ஒருவன் வந்தான். சந்தைகளில் மாடு பேசி முடிக்கும் தரகன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எங்கிட்ட ஊசி கீது. ரெண்டு நிமிஷம். தானா ஊத்தும். கமிட்டிக்காரங்க அந்தப் பக்கம் கீறாங்க. எனக்கு நீ ஒண்ணும் குடுக்க வேணாம்.”

ரேகா ஓரகத்தியைப் பார்த்தாள். மணி ஐந்து இருபத்தைந்து.

தாட்சாயணி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்துநாலு என்ற அளவு நாளைக்குத் தராசில் தெரிவதை அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஊசி போட்டுத் தெரிந்தால் அது யாருடைய இருபத்துநாலு?

“வேணாம்பா. அவ குடுத்தா வாங்கிக்கிறேன். புடுங்கிக்க மாட்டேன்.”

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

தாட்சாயணி கணவருக்குப் போன் போட்டாள். காற்றில் எதுவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பொம்மியின் விலாவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா? சத்தமா சொல்லு. தறி ஓடிகினு கீது” என்று நாகபூஷணம் கத்தினார். அவர் குரலுக்குப் பின்னால் நான்கு தறியும் ஓடின. டக்கடக், டக்கடக், டக்கடக்.

பொம்மியின் இரண்டு காதும் போன் பக்கம் திரும்பின. உதறிக்கொண்டிருந்த கால் தரையில் ஊன்றியது. ரேகாவின் பக்கத்துக் காம்பிலிருந்து ஒரு சொட்டுப் பால் தானாக விழுந்தது. அப்புறம் இன்னொரு சொட்டு.

“மாமா, வைக்காதீங்க. பேசாதீங்க. தறிகிட்ட போய் நில்லுங்க” என்று ரேகா கத்தினாள்.

தாட்சாயணிக்கு நெஞ்சில் ஏதோ திறந்துகொண்டது. பொம்மி பிறந்தது தறிக் கொட்டகைச் சுவரோரம். முதல் முறை மடி இறக்கியதும் அங்கேதான். விடிகாலையிலும் சாயங்காலமும் அந்தச் சத்தத்தில் நனைந்துதான் பால் சுரந்திருக்கிறாள். கரண்ட் போன நாட்களில் பொம்மி காலை உதறுவதுண்டு. ஃபேன் இல்லாமல் கொசு கடிக்கிறது என்று வேப்பிலைப் புகை போட்டார்கள். இந்தப் பயணத்துக்கு வைக்கோலைக் கட்டி எடுத்துவந்தார்கள், புண்ணாக்கை எடுத்துவந்தார்கள், வீட்டுத் தண்ணீரைக்கூட இரண்டு கேன் கொண்டுவந்தார்கள். தறிச் சத்தத்தை நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் தறிக்காரர் காதில் விழுவதே கிடையாது.

போன் இரண்டு முறை கொரகொரத்துவிட்டு நின்றது. டவர் இல்லை. மறுபடி போட்டாள், போகவில்லை. சிட்டிபாபு ஓடிப்போய் வண்டியின் பக்கத் தகரத்தைக் கையால் தட்டினான். பொம்மி மிரண்டு விலகினாள்.

“ஏமய்யா, மாட்டைக் கொல்லப் போறியா?”

சந்திரம்மா எழுந்து வந்திருந்தாள். தன் மாட்டைக் கறந்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “போன்ல இன்னா சத்தம் அது?”

ரேகா நான்கே வார்த்தையில் சொன்னாள். சந்திரம்மா ஒருமுறை பொம்மியின் மடியைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. மருமகளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தீவன மெஷினை, ஆட்கள் நெருங்காமல் கட்டியிருந்த கயிற்றை ஒட்டி இழுத்து வந்து, கைப்பிடியைச் சுற்றினாள். கடகடகடவென்று சத்தம் வந்தது.

“அக்கா, அவ்ளோ வேகம் இல்ல” என்றாள் ரேகா.

“இப்போ?”

“இன்னும் மெதுவா. நிறுத்தி நிறுத்தி. கட-டக், கட-டக். ஆ, அதான். அது நம்ம மூணாவது தறி.”

“தறிக்காரங்க மாட்டுக்குக் கச்சேரி வெச்சாதான் கறக்குமா? இது இன்னாடி கூத்து” என்று முணுமுணுத்துக்கொண்டே சந்திரம்மா சுற்றினாள். கை மட்டும் தாளம் தப்பவில்லை.

பொம்மி காதை மெஷின் பக்கம் வைத்துக்கொண்டாள். பெருமூச்சு ஒன்று விட்டாள். மடி இளகியது. இரண்டு பக்கமும் பால் பீய்ச்சிய சத்தத்தில் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆறு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது கமிட்டியார் வந்து மடியைத் தொட்டுப் பார்த்து, பதினேழாம் நம்பருக்கு எதிரே டிக் போட்டார்.

தாட்சாயணி கைகூப்பினாள். சந்திரம்மா அதைப் பார்க்காததுபோல் தோளைப் பிசைந்துகொண்டாள்.

“கும்பிடு எல்லாம் வேணாம். மடி கட்டிகினு ஒரு மாடு பக்கத்துல நின்னா எனக்குச் சோறு எறங்காது. என் மாடா இருந்தா இன்னா, உன் மாடா இருந்தா இன்னா.”

மறுநாள் காலையில் மெஷினைத் தானே சுற்றுவதாகச் சிட்டிபாபு சொன்னான். ரேகாவும் தாட்சாயணியும் கறக்க உட்கார வேண்டும், வேறு ஆள் இல்லை. ஆனால் சிட்டிபாபுவின் கை ஹைவேயில் பழகிய கை. அரை நிமிடத்தில் டாப் கியருக்குப் போய்விட்டது. பொம்மி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பால் நின்றது. சந்திரம்மா தன் மாட்டை மருமகளிடம் விட்டுவிட்டு வந்து அவனைத் தள்ளிவிட்டுச் சுற்றினாள். தராசில் பன்னிரண்டு லிட்டர் தொள்ளாயிரம் காட்டியது.

சாயங்காலமும் அப்படியே. எல்லா மாடும் ஒரே விசிலுக்குக் கறக்கப்பட வேண்டும் என்பதால், சந்திரம்மா மெஷினில் நின்ற நேரமெல்லாம் அவள் சிவலையை மருமகள்தான் கறந்தாள். காற்று அன்று திடலில் நின்ற பந்தல் துணியைக் கிழித்துப் போட்டது. அதற்கு நடுவிலும் கட-டக், கட-டக் என்று நகரித் தெரு ஒன்று புங்கனூர் மேட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று நானூறு.

மொத்தம் இருபத்துநாலு லிட்டர் முன்னூறு மில்லி. மூன்றாம் இடம்.

மேடையில் மைக் பிடித்தவர் பெயர் எழுதிக்கொண்டு, “விவசாயம்னு போடட்டுமாம்மா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. தறிக்காரங்கன்னு போடுங்க. நகரி, தறிக்காரங்க மாடுன்னே சொல்லுங்க.”

அப்படியே சொன்னார். காற்று அதை எடுத்துத் திடல் முழுக்கக் கொண்டுபோனது. பொம்மியின் கழுத்தில் மாலை போட்டார்கள். பொம்மி அதன் நுனியைத் தின்னப் பார்த்தாள். தாட்சாயணி நிமிர்ந்து நின்றாள். பித்தளைக் குடத்தைக் கொடுத்தார்கள். அதைவிட, முத்திரை குத்திக் கொடுத்த அளவுச் சீட்டைத்தான் அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரேகா அதைப் போட்டோ எடுத்துத் தெருவில் இருக்கிற எல்லாருடைய போனுக்கும் அனுப்ப முயன்றாள். டவர் இல்லாததால் சுற்றிக்கொண்டே இருந்தது.

“பால் சென்டர் வாசல்ல ஒட்டணும்” என்றாள்.

“கூடவே ஒரு குழாயையும் மாட்டலாம்” என்றான் சிட்டிபாபு.

நான்காவது பெயரும் வாசித்தார்கள், பரிசு இல்லாத பெயர். சந்திரம்மா, இருபத்துமூன்று தொள்ளாயிரம்.

மேடையிலிருந்து இறங்கி வரும்போது, பதினாறாம் நம்பர் கொட்டகையில் மருமகள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது தாட்சாயணி காதில் விழுந்தது. “அத்தை கைக்குப் பழகின மாடு. அத்தை கறந்திருந்தா இருபத்தஞ்சு தாண்டியிருக்கும். எங்கிட்ட மாடு பாதியில நிறுத்திடுச்சு.”

தாட்சாயணி நின்றுவிட்டாள். மெஷினில் நின்ற ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு சந்திரம்மாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். முப்பது வருடம் மாடு கறந்தவளுக்குத் தெரியாதா?

“அக்கா” என்று போய் நின்றாள்.

சந்திரம்மா சிவலைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். “மூணாவதா வந்துட்டு மூஞ்ச இப்படியா வெச்சுப்பாங்க? போ, போ. அடுத்த வருஷம் ஒரு தறியவே தூக்கிகினு வா. என் கை வராது.” பிறகு கொஞ்சம் பொறுத்து, “மாட்ட ஓட்டிகினு நடந்தே போறோம். மெஷின் மட்டும் கனம். காலையில அந்த வழியாத்தானே போவீங்க? வீட்டாண்ட எறக்கிடுங்க. நான் பால் ஊத்தப் போயிருந்தாலும் வெளியவே வெச்சுடுங்க” என்றாள்.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். சந்திரம்மாவின் வீடு சாலையை விட்டுத் தள்ளி ஒரு மேட்டின் மேல் தனியாக இருந்தது. மண்பாதையில் வண்டி ஏறாது. சிட்டிபாபுவும் தாட்சாயணியும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய் வாசலில் வைத்தார்கள். கதவு பூட்டியிருந்தது, மாமியார் மருமகள் இருவருமே பாலோடு போயிருக்க வேண்டும்.

“நீ போ சிட்டி. ரேகா ஒண்டியா பொம்மியப் புடிச்சுகினு கீறா. நான் வரேன்.”

அவன் இறங்கிப் போனான். கொட்டகைப் பக்கம் ஏதோ பட்பட்டென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு அவள் பின்னால் போனாள்.

மேற்குப் பக்கம் காற்றைத் தடுக்க உரச் சாக்குகளைத் தைத்துச் சேர்த்த படுதா ஒன்று தொங்கியது. அது நடுவில் ஆள் உயரத்துக்குக் கிழிந்து இரண்டு துண்டாக அடித்துக்கொண்டிருந்தது. சந்திரம்மா சந்தைக்குப் போன நாட்களில் கிழிந்திருக்கும். ராத்திரி திரும்பி வந்தவர்களுக்குத் தைக்க நேரம் இருந்திருக்காது. காற்று நேராக உள்ளே வந்தது. சிவலை அதற்கு முதுகைக் காட்டி நின்றது. மூலையில் பத்து நாள் கன்று ஒன்று, கால் மடக்கவும் முடியாமல் மயிர் சிலிர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

தாட்சாயணி இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்தாள். தறி வீட்டுப் பெண்ணிடம் நூல் இல்லாமல் இருக்காது. கழிவு நூலை நாலு புரியாக முறுக்கிய கயிறு ஒரு உருண்டை இருந்தது. கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தாள். காற்று பிடுங்கியது. முழங்காலால் ஒரு பக்கத்தை மூங்கிலோடு அழுத்திக்கொண்டு, கொண்டையிலிருந்த ஊக்கால் துளையிட்டு, தறியில் அறுந்த பாவு இழையை இணைக்கிற அந்தச் சின்ன முடிச்சைப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாத முடிச்சு. ஒன்று போட்டு நான்கு விரல்கடை தள்ளி இன்னொன்று. கீழே சாலையில் சிட்டிபாபு ஹாரன் அடித்தான். அவள் அவசரப்படவில்லை. கழுத்து உயரம், இடுப்பு உயரம், கடைசியாகத் தரையோடு.

கிழிசல் மூடியதும் காற்று படுதாவில் வந்து முட்டிப் புடைத்து நின்றது. உள்ளே அமைதியாகிவிட்டது. சிவலை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துப் படுதாவின் நுனிமேல் வைத்தாள். தரையில் விழுந்திருந்த நூல் துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கன்று முன்னங்காலை மடக்கியது, பின்னங்காலை மடக்கியது, வைக்கோலில் படுத்துக்கொண்டது. அதன் நடுக்கம் நிற்கிறவரை பார்த்திருந்துவிட்டு, தாட்சாயணி சத்தமில்லாமல் படலைச் சாத்திக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள்.